புளி போட்டு விளக்கிய தோட்டாக் கூடுகள்

எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், பந்தியில் யாராவது ஒருவர் என்னைக் காட்டி, "இவதானுங்க தோட்டாவ வெளக்குனவ" என்று சொல்லிவிடுவார். கேட்டவர் சிரிப்பார். நானும் சிரித்துவைப்பேன். என்னால்தான் பெரியப்பா மாநில அணித் தேர்வுக்குப் போகவில்லை என்று இருபது வருஷம் நம்பிக்கொண்டிருந்தவள் நான்.

பெரியப்பாவுக்குப் பீளமேட்டில் ஒரு மோட்டார் கம்பெனியில் லேத் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் துப்பாக்கி சுடும் கிளப். லைசென்ஸ் வாங்கிய ரைபிள் ஒன்று வைத்திருந்தார். கடைத் தோட்டாவில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. பித்தளைக் கூட்டுக்குள் வெடிமருந்து போட்டு, மேலே குண்டு வைத்து, எல்லாம் தன் கையாலேயே செய்வார். மருந்தைத் துளி கூட்டித் துளி குறைத்து, ஐந்தைந்தாகச் சுட்டுப் பார்த்து, எது ஒரே இடத்தில் போய் விழுகிறதோ அதை நோட்டில் குறித்துக்கொள்வார். சுட்ட அட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து என்னிடம் நீட்டுவார். ஐந்து ஓட்டையையும் ஒரு ரூபாய்க் காசால் மூடிவிடலாம். அது என் வேலை.

எனக்கு ஒன்பது வயதான வருஷம் காசு போதவில்லை. டம்ளரைக் கவிழ்த்தாலும் ஒரு ஓட்டை வெளியே நின்றது. "கேசு பழசாயிப்போச்சு கண்ணு, அதான்" என்றார். பித்தளைக் கூட்டை அவர் கேசு என்பார்; சுட்ட கூட்டையே திரும்பத் திரும்ப நிரப்பிவந்தார். தீபாவளி கழிந்து மெட்ராசில் தேர்வு. வயதாகிக்கொண்டிருந்ததால் இதுதான் அவருக்குக் கடைசி வாய்ப்பு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யார் யாரிடமோ சொல்லிவைத்து, ஒருமுறைகூடச் சுடாத நூறு புதுக் கூடுகளை வரவழைத்தார்.

அவை வந்த மத்தியானம் இன்னும் என் கண்ணுக்குள் மிதக்கிறது. மாடி அறை ஜன்னலில் விழுந்த வெயில் பித்தளையில் பட்டு, விட்டத்தில் மஞ்சள் மஞ்சளாக நடுங்கியது. எங்கோ மில் சங்கு ஊதியது. பெரியப்பா வரும் வழியில் நசுங்கியிருந்த கூட்டு வாய்களை வட்டமாக்கி, ஒவ்வொன்றாகச் சின்னத் தராசில் நிறுத்து எடை சொல்ல, நான் எழுதினேன். ஒரே எடையுள்ளவை ஒரே டப்பாவுக்குப் போயின; எடை மாறினால் குண்டு விழும் இடமும் மாறுமாம்.

"இன்னும் சுடவே இல்லைனா, இதுக்கு ஒண்ணுமே தெரியாதுங்களா பெரியப்பா?"

"தெரியாது கண்ணு. நாமதான் சொல்லிக் குடுக்கோணும்."

காபி நேரத்துக்குள் நூறும் முடிந்துவிட்டது. அடுத்த ஞாயிறு அதில் இருபதைத் தோட்டாவாக்கிக் கிளப்புக்கு எடுத்துப் போனார். நான் காசை வைத்துக்கொண்டு வாசலில் காத்திருந்தேன். "அட்டை மழைல நனஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்றைக்கு மழை பெய்ததாக எனக்கு ஞாபகமில்லை.

பிறகு ஆயுத பூஜை வந்தது. கீழே அம்மாவும் பெரியம்மாவும் குத்துவிளக்குகளைப் புளி போட்டு விளக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் புதுப் பித்தளையை விளக்காமல் புழங்கவே மாட்டார்கள். மாடியில் மீதி எண்பதும் டப்பாக்களில் அப்படியே இருந்தன. எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டி, புளியும் சாம்பலும் போட்டு, விரல் சிவக்கத் தேய்த்து, மொட்டை மாடி வெயிலில் காயவைத்தேன். ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பூஜைக்கு இறக்கியிருந்த ரைபிள் முன்னால் வரிசையாக அடுக்கினேன். எனக்கு அவ்வளவு பெருமை.

பெரியப்பா வந்து பார்த்தார். ஒரு கூட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாத்தையும் கலந்துபோட்டயா கண்ணு?"

தலையாட்டினேன். அம்மா கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். "உடு அம்மணி, கொழந்தைக்கு என்ன தெரியும்" என்று பெரியப்பா குறுக்கே நின்றார். பொரிகடலைக்கு வந்த கிளப்காரர்களிடம், "பாப்பா புளித்தண்ணில போட்டு வெளக்கிப்போட்டாளுங்க. இனி எதை வெச்சுச் சுடறது? இந்த வருசம் மெட்ராஸ் இல்லீங்க" என்றார். அவர்கள் சிரித்தார்கள். கதை அன்றைக்கே ஊர் சுற்றக் கிளம்பிவிட்டது.

பெரியப்பா காலமான பிறகு ஒருநாள், என்னால்தானே அவர் மெட்ராஸ் போகவில்லை என்று பெரியம்மாவிடம் அழுதேவிட்டேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"அந்த ஆடியிலயே டாக்டர் சொல்லிப்போட்டாரு கண்ணு, அவரு குறி பாக்கற வலது கண்ணு இனி தேறாதுன்னு. என்னையத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. அந்தப் புதுக் கேசுலயும் சுட்டுப் பாத்தாரு, ஆகல. வெளிய சொல்லிக்க அவருக்கு ஒரு காரணம் கெடைக்கல. நீ குடுத்த."

எண்பது கூட்டையும் மறுபடி நிறுத்துப் பிரிக்க ஒரு மத்தியானம் போதும். கூடவே உட்கார்ந்து எழுதியவளுக்கு அது தோன்றவே இல்லை.

அன்று பூஜை முடிந்ததும் பெரியப்பா கூடத்தில் பாயை விரித்துப் படுத்தார். மாதக்கணக்கில் தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்த மனிதர், பொழுது சாயும்வரை அசையாமல் தூங்கினார். துக்கம் தாங்காமல்தான் அப்படித் தூங்குகிறார் என்று நினைத்து, எழுந்து என்னைத் திட்டட்டும் என்று நான் அவர் கால்மாட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.