மகன் அனுப்பிய சாப்பாடு

சௌந்திரத்துக்கு வாய் சும்மா இருக்காது. அவள் புருஷன் சென்னிமலை ரிக் லாரியோடு போய் வருஷத்தில் ஒன்பது மாதம் மத்தியப் பிரதேசத்தில் போர்வெல் போடுகிறவர். ஊருக்கு வரும்போதெல்லாம் சொல்வார்: "உனக்கு அந்த வாய் மட்டும் இல்லீன்னா ராணியாட்டம் இருப்ப புள்ள." மனுஷன் சொன்னது சரிதான். அந்த வாயைக் கொடுத்துத்தான் அவள் மாட்டிக்கொண்டாள்.

திருச்செங்கோட்டில் ஒரு கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, தனியாகக் கிடக்கும் வயதானவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு ஆக்கி அனுப்புகிறார்கள். குழைய வடித்த சோறு, கொள்ளுப் பருப்பு, ஒரு கீரை, அவித்த முட்டை. முட்டைக்கு இந்தப் பக்கம் பஞ்சமா என்ன? எல்லாவற்றுக்கும் பொறுப்பு பிரபாகர் என்கிற ஓய்வுபெற்ற வாத்தியார். தறிப்பட்டறையில் இருபது வருஷம் நூலைத் தார்க்குச்சியில் சுற்றிவிட்டு, முதுகுவலி வந்து நின்றுவிட்ட சௌந்திரம், வீட்டில் சும்மா உட்கார முடியாமல் இங்கே வந்து சேர்ந்தாள். சம்பளம் கிடையாது. ஸ்கூட்டியில் பையை மாட்டிக்கொண்டு ஒன்பது வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எட்டு வீடு எட்டு நிமிஷ வேலை. ஒன்பதாவதுதான் முத்தாயம்மாள் வீடு.

முத்தாயம்மாள் பண்ணையக்காரக் குடும்பத்து அம்மாள். காடு தோட்டமெல்லாம் போய், டவுனில் இந்த ஓட்டு வீடு ஒன்றுதான் மிச்சம். மூன்று நாளாக டீயும் பன்னும்தான் என்று பக்கத்து வீட்டு அங்காளம்மாள் சொல்லித்தான் குழுவுக்கே தெரிந்தது. சௌந்திரம் டப்பாவை நீட்டினாள். கிழவி தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"பிச்சைச் சோறா? இருவது ஆளுக்குத் தெனமும் ஆக்கிப் போட்ட கை அம்மிணி இது. எடுத்துட்டுப் போ."

நாமகிரிப்பேட்டையில் கட்டிக்கொடுத்த மகள், என்னோடு வந்து இரு அம்மா என்று நடையாய் நடந்தாள். அதற்கும் ஒரே பதில்தான். "பொட்டப்புள்ள ஊட்டுல போயி உக்காந்து திங்கறதா? மகனில்லாதவளா நானு?" மகன் ஜெகதீஸ்வரன் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கிறான். ஃபேர்லேண்ட்ஸ் என்ன அமெரிக்காவா? பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். வந்து எட்டிப்பார்த்து நான்கு வருஷம் ஆகியிருந்தது.

இரண்டாம் நாளும் டப்பா அப்படியே திரும்பியது. மூன்றாம் நாள் கிழவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற நிற்பைப் பார்த்துச் சௌந்திரத்துக்கு வயிறு எரிந்தது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஆத்தா, இது தருமச் சோறு இல்லீங்க. உங்க மகன்தான் சொல்லி அனுப்பறாருங்க."

முத்தாயம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். டப்பாவை வாங்கி, கீரை ஒரு இணுக்கு விடாமல் தின்றாள். முட்டையை விரலால் மசித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே தின்றாள். அந்தச் சாப்பாட்டைப் பார்த்த எவளுக்கும் சொன்ன பொய்யைத் திரும்ப வாங்க மனசு வராது.

அன்று பிடித்தது இரண்டு வருஷம். "எம்மவன் என்ன சொன்னான் அம்மிணி?" என்று தினமும் கேட்பாள். வேலை அதிகமாமுங்க, மாத்திரை போட்டீங்களான்னு கேட்டாருங்க, என்று இவள் புளுகுவாள். வேறு யாராவது போய் உளறிவிட்டால் ஆத்தாள் மறுபடி பட்டினிதான். அதனால் காய்ச்சலோடும் போனாள். சொந்த அக்கா மகள் கல்யாணத்தில் தாலி கட்டியதும் பந்தியில் உட்காராமல் ஸ்கூட்டியை எடுத்தாள். ஒரு நாள் ஓய்வு கிடையாது, யாரிடமும் சொல்லி அழவும் முடியாது. இந்தப் பாழாய்ப்போன வாயைத் தைத்துவிடலாமா என்றிருக்கும் அவளுக்கு.

போன பங்குனியில் தாங்க முடியாமல் அங்காளம்மாளிடம் நம்பர் வாங்கி ஜெகதீஸ்வரனைக் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். "ஒருக்கா வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போங்க, போதும்." அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "நல்ல காரியந்தான் பண்ணிருக்கீங்க்கா. அப்படியே இருக்கட்டும்."

அடுத்த வாரமே ஆப்பிளோடு வந்தான். அதற்கடுத்த வாரம் ஒரு புரோக்கரோடு வந்தான். "வைகாசிக்குள்ள கெழவியக் கெளப்பி ஊட்டைக் காலி பண்ணிக் குடுத்துருவாருங்க" என்று அந்த ஆள் கேட்டுக்கு வெளியே நின்று போனில் பேசியது சௌந்திரத்தின் காதில் விழுந்தது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டுப் பையோடு உள்ளே நுழைந்தபோது ஜெகதீஸ்வரன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஆத்தாள் முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

"வா அம்மிணி! நாளைக்குப் பத்தரைக்கு ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்துரோணும். ஊட்டை இவம் பேருக்கு எழுதறேன். சாச்சிக் கையெழுத்து நீதான் போடோணும். ரண்டு வருசமா இவன் போட்ட சோத்தைக் கொண்டாந்து குடுத்தவ நீ. உன்னையவிட வேற சாச்சி யாரு?"

சௌந்திரம் பையைக் கீழே வைத்தாள். இப்போது சொன்னால் ஆத்தாள் சாப்பிட மாட்டாள். சொல்லாவிட்டால் இருக்க இடம் இருக்காது.

"நாம் போட மாட்டேனுங்க ஆத்தா. அந்தச் சோறு இவரு போட்டது இல்லீங்க. நீங்க திங்கோணும்னு நாம் பொய் சொன்னேனுங்க. ஊட்டை எழுதிக் குடுத்தா வித்துப்போட்டு உங்களை வெளிய தள்ளிருவாருங்க."

"என்னங்க்கா, என்னென்னமோ பேசறீங்க?" என்றான் ஜெகதீஸ்வரன், குரலைக்கூட உயர்த்தாமல்.

முத்தாயம்மாள் மகனைப் பார்க்கவில்லை. சௌந்திரத்தையே பார்த்தாள்.

"போன மாசம் எம்மவ வந்து உங்கிட்ட வாசல்ல நின்னு குசுகுசுன்னு பேசுனாளே, அது இதுக்குத்தானா? ஊட்டுல பங்கு வேணுமாமா அவளுக்கு?"

"ஐயோ, சத்தியமா இல்லீங்க ஆத்தா! உங்க ஒடம்பு எப்படின்னுதானுங்க கேட்டாங்க."

"அப்ப ரண்டு வருசமா அவன் அதைச் சொன்னான், இதைச் சொன்னான்னு தெனமும் சொன்னியே?"

"அத்தனையும் பொய்யிங்க."

"அதெல்லாம் பொய்யி, இது மட்டும் நெசமா?"

ஆத்தாள் எழுந்து சாப்பாட்டுப் பையை எடுத்து அவள் கையில் திணித்தாள். "இனி நீ இந்த வாசப்படி மிதிக்காத. ஏஞ்சாமி ஜெகதீசு, சோத்துக்கு வேற ஆளு ஏற்பாடு பண்ணு."

"பண்ணிர்றேம்மா."

கேட்டு வரைக்கும் பின்னாலேயே வந்தான். ஸ்கூட்டியை ரோட்டுப் பக்கம் திருப்பி நிறுத்திக்கூடக் கொடுத்தான். "அக்கா, நாளையிலிருந்து வேற யாரையாச்சும் அனுப்பி உட்ருங்க." அவன் முகத்தில் வெட்கத்தின் சாயல்கூட இல்லை.

சாயங்காலம் சௌந்திரம் நாமகிரிப்பேட்டை மகளைப் போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். அவள் அழுதாள். "ஊட்டை யாருக்கு வேணாலும் எழுதிட்டுப் போகட்டுங்க்கா. அம்மா வயித்த மட்டும் பாத்துக்கங்க."

புதன்கிழமை யாரோ இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். பத்திரம் பதிவாகிவிட்டது. பன்னிரண்டு மணிக்கு மண்டபத்தில், ஒன்பதாவது வீட்டுப் பையைப் புதிதாகச் சேர்ந்த சத்யபிரியாவிடம் நீட்டினாள் சௌந்திரம்.

"முட்டையை மசிச்சுக் குடுத்துருங்க, பல்லு இல்ல. யாரு அனுப்புனதுன்னு கேப்பாங்க."

"நம்ம குழுன்னு சொல்லிரட்டுங்களா?"

சௌந்திரம் பை மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"வேண்டாங்க. மகன் அனுப்புனாருன்னு சொல்லுங்க. வேலை சாஸ்தியாம், ஞாயித்துக்கெழமை வாராராம்னு சொல்லுங்க. எங்கே, ஒருக்கா எங்கிட்டச் சொல்லிக் காட்டுங்க பாப்போம்."