கதவு ரப்பருக்கு அடியில் இருந்த நீலம்

குமணன்சாவடியில் ஒருவருடைய வண்டியின் பானெட்டைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது ரோஸி அக்காவின் வீட்டுக்காரர் அந்தோணி அண்ணன் போன் செய்தார். "ரோஸி பூட்டாப்பா" என்றார். பானெட்டை மூடாமலேயே கிளம்பிவிட்டேன்.

பழைய கார் வைத்திருக்கும் நம் ஆட்களுக்கு ரோஸி அக்காவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பழைய வண்டி கைமாறுகிறது என்றால், எது கம்பெனியில் போட்டது, எது பிறகு மாற்றியது, வண்டி என்ன பெறும் என்று அவர் சொல்லியாக வேண்டும். டார்ச் பிடிக்க நான் கூடப் போவேன். வண்டி பளபளவென்று நின்றால் அக்காவுக்கு முதலில் சந்தேகம்தான் வரும். கதவைத் திறந்து ஓரத்து ரப்பரை விரலால் நெம்புவார். மறுபடி பெயிண்ட் அடிப்பவர்கள் அந்த ரப்பரைக் கழற்றச் சோம்பல்படுவார்கள். வண்டியின் பழைய நிறம் அதற்கு அடியில் அப்படியே இருக்கும். "பெயிண்ட்ட எத்தினி தபா வேணா அடிக்கலாம். கம்பெனில அடிக்கிறது ஒரே தபாதான்" என்பார்.

பாரிவாக்கத்தில் ஒருவர் மகள் கல்யாணத்துக்காகத் தன் பழைய காண்டெஸா காரை விற்க நின்றார். நம்ம ஊர் மசில் கார் என்று இளவட்டங்கள் இப்போது தேடி அலைகிறார்களே, அதே வண்டிதான். இன்ஜினும் மாற்றியது, பெயிண்டும் மறுபடி அடித்தது. "கொஞ்சம் பார்த்து சொல்லுங்கக்கா. உங்க வார்த்தையத்தான் நம்பிகினு கீறாங்க" என்று கும்பிட்டார். அக்காவின் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் வாங்க வந்தவரிடம் இரண்டையும் சொன்னார். பேரம் முறிந்தது. பிறகு அக்காவே ஊரெல்லாம் விசாரித்து, குறை தெரிந்தே வாங்க ஒரு ஆளைப் பிடித்துக் கொடுத்தார். "பொய் சொல்லி வித்தா, வாங்கினவன் வண்டிய பார்க்கறப்பல்லாம் திட்டுவான். பாவம், வண்டி இன்னா பண்ணுச்சு?" என்றார்.

கள்ளிக்குப்பத்தில் அக்காவின் வீட்டு வாசலிலும் ஒரு காண்டெஸா நிற்கும். ஒரு இடத்தில்கூட கை வைக்காத கம்பெனி நீலம். வெயிலில் காய்ந்து பானெட் வெளுத்துப்போயிருக்கும். "இன்னா அண்ணாத்தே, ஊரு வண்டிக்கெல்லாம் அவுங்க மார்க் போடறாங்க, உங்க வண்டி சொறி புடிச்சாப்ல கீது" என்று தெருவில் அந்தோணி அண்ணனைக் கிண்டல் செய்வார்கள். பேனா, பென்சில் விற்கும் கடைக்காரர் அவர். வண்டி விஷயம் தெரியாது. மனைவிக்கு அவமானம் என்று மட்டும் அவருக்குப் பட்டிருக்கிறது.

அக்காவுக்கு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பிய அன்று, ஆஸ்பத்திரி வாசலில் அந்த வண்டி கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு நின்றது. அவர் படுத்திருந்த நாட்களில் அண்ணன் முழுக்கப் பெயிண்ட் அடித்துவிட்டார். வண்டியின் மதிப்பே அந்தக் கம்பெனி நீலத்தில்தான் இருந்தது. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்ததும் பழக்கத்தில் அவருடைய விரல் ரப்பருக்குப் போனது. போன விரலை மடக்கிக்கொண்டார்.

"இப்பதான் கம்பெனிலேந்து எடுத்துகினு வந்தாப்ல கீதுங்க" என்றார்.

அண்ணனின் முகத்தில் அப்படியொரு சிரிப்பு. அக்கா என்னைப் பார்த்து, வாயைத் திறக்காதே என்பதுபோல் தலையை அசைத்தார். அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது, வந்தவர்களில் யாரோ, "கம்பெனி பெயிண்ட் போச்சே, இனி இது பாதிகூட பெறாது" என்று சொன்னது அண்ணனின் காதில் விழுந்துவிட்டது. எல்லோரும் போன பிறகு கேட்டார்: "நான் வண்டிய கெடுத்துட்டேனாப்பா? அவளுக்குத் தெரியாதா?"

சமாளித்திருக்கலாம். அக்காவோடு இத்தனை வண்டி பார்த்துவிட்டு அது முடியவில்லை. "தெரியும்ணே. பார்த்ததும் தெரிஞ்சிடுச்சு. தெரிஞ்சேதான் அப்படிச் சொன்னாங்க" என்றேன்.

அண்ணன் மெல்லப் போய்க் கதவைத் திறந்தார். ரப்பரை எப்படி நெம்புவது என்று நான் காட்டினேன். அடியில் விரல் அகலத்துக்குப் பழைய நீலம் இருந்தது. அதில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு அழுதார். அன்று முழுக்க அடக்கி வைத்திருந்த நானும் அழுதுவிட்டேன்.

கும்பிட்டுக் கேட்டவருக்குக்கூடச் சொல்லாத பொய்யை அக்கா ஒரே ஒருவருக்காகச் சொன்னார். அவர் கண்டுபிடித்த உண்மைகளை நீங்கள் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அந்தப் பொய் போதும்.