குளிர்ந்த தண்ணீரில் அலசிய கம்பளி

ரேலீன் ஹாஸ்கிங் இரண்டு பேருடைய ரத்தத்தைச் சலவை இயந்திரத்தில் போட்டு அலசிவிட்டாள், அதனால்தான் கொலைகாரன் கைவீசிக்கொண்டு வெளியே வரப்போகிறான் என்று ஆஸ்திரேலிய மலையூரான பரண்டீனில் பேச்சு. பேச்சு பிறந்தது பப்பில். பேக்கரியில் அது ஒரு கம்பளியாக இருந்தது. சனிக்கிழமை கால்பந்து மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒரு கம்பளி, ஒரு தார்ப்பாய், ஒரு கத்தி என்று குடும்பம் பெருகியிருந்தது. கத்தியைக்கூடச் சோப்புப் போட்டுத் துடைத்து அலமாரியில் வைத்தாளாம்.

வதந்தி என்றால் பாதியாவது பொய்யாக இருக்க வேண்டும்; அதுதான் அதற்கு மரியாதை. விசாரித்துப் பார்த்தால் இந்த வதந்திக்கு அந்த மரியாதையும் இல்லை. கத்தியை எடுத்துவிட்டால் மீதியெல்லாம் உண்மை.

ரேலீனுக்கு அறுபத்துமூன்று வயது. மர அறுவை ஆலையின் குடியிருப்பில் பிறந்தவள். ஆலையை மூடிய பிறகும் அதே வீட்டில் இருப்பவள். கணவன் மெர்வ் மரலாரி ஓட்டியவன். மலைமேல் கட்டை உருண்டு முதுகு போனதிலிருந்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து தேசத்தை நடத்திவருகிறான். வீட்டை நடத்துவது ரேலீன். ஆற்றோர முகாம்களில் கழிப்பறை கழுவுவது அவள் தொழில். வாரம் ஒருமுறை பிக்கப் வண்டியில் வாளி, குப்பை வாரும் ரேக்கு, மண்வெட்டி, பைகளோடு மலையேறுவாள். கழிப்பறைக்குத்தான் கூலி. ஆனால் சாம்பலை வாருவது, பாட்டில் பொறுக்குவது, நாற்காலி கால் பதிந்த குழியைக்கூட ரேக்கால் சமன் செய்வது எல்லாம் அவளாகச் செய்தது.

காட்டுக்குள் கொண்டுபோனதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், அடுத்தவன் விட்டுப்போனதைக் கண்டால் அதையும் கொண்டுவர வேண்டும் என்பது இந்தப் பக்கத்து வேதம். சர்ச் வாசலை மிதிக்காதவனும் இதை மீறமாட்டான். மீறினால் யாரும் பார்க்காதபோது மீறுவான். ரேலீன் யாரும் பார்க்காதபோதும் மீறாதவள். அதற்காக ஒரு ஆஸ்திரேலியா தினத்தன்று அவளை ஊரின் சிறந்த குடிமகளாக்கி, தகர மண்டபத்தில் சாசேஜ் சுட்டுக் கொண்டாடினார்கள். “ரேலீன் போய் வந்த இடத்தில் மனுஷன் இருந்த தடமே இருக்காது” என்று ஊராட்சித் தலைவர் பாராட்டினார். அரசுத்தரப்பு வக்கீல் பிற்பாடு ஏறக்குறைய இதையேதான் சொன்னார், குரல்தான் வேறு.

ஈஸ்டர் விடுமுறை முடிந்த செவ்வாய்க்கிழமை பதினெட்டாம் மைல் என்ற ஆற்றோர முகாம் திட்டில் ஒரு கூடாரம் கம்பிகள் ஒடிந்து சரிந்து கிடந்தது. இரண்டு மடக்கு நாற்காலி, ஒரு கெட்டில், பச்சை நிற ஐஸ்பெட்டி, ஒரு தார்ப்பாய், கனமான கம்பளி ஒன்று. ஆள் இல்லை. கார் இல்லை. விடுமுறை முடிந்தால் நகரத்துக்காரர்கள் மலிவுக் கூடாரத்தை அப்படியே போட்டுவிட்டுப் போவது வழக்கம்தான். ஆனால் கம்பளி மலிவு இல்லை. ரேலீன் யோசித்தாள். செல்போனுக்குச் சிக்னல் கிடைக்கும் மேடு வரைக்கும் வண்டியை ஏற்றி, ஊரின் ஒரே போலீஸ்காரனான டேரில் க்வில்டியைக் கூப்பிட்டாள்.

“டேரில், பதினெட்டாம் மைல்ல ஒரு கூடாரம் சரிஞ்சு கிடக்கு. சாமான் எல்லாம் இருக்கு. ஆளத்தான் காணோம்.”

“ஈஸ்டர் எச்சில், ரே. மெல்போர்ன்காரனுக்குக் கூடாரம்னா பல்குச்சி மாதிரி. ஒருவாட்டி குத்திட்டுத் தூக்கிப் போட்டுருவான்.”

“கம்பளி நல்ல கம்பளியா இருக்கேப்பா.”

“அப்போ சுருட்டிக் கொண்டா. ஐஸ்பெட்டி கிடந்தா எனக்கு, சொல்லிட்டேன். என்னோடது மூடி போச்சு.”

சுருட்டிக் கொண்டுவந்தாள். அதற்கு முன் சாம்பலை வாரி, தரை முழுக்க ரேக்குப் போட்டாள். கூடாரம் குப்பைமேட்டுக்குப் போய் மண்ணுக்கடியில் புதைந்தது. ஐஸ்பெட்டியை டேரிலின் ஸ்டேஷன் வாசலில் அவன் கையிலேயே கொடுத்தாள். அவன் அதில் பீர் அடுக்கி இரண்டு தடவை மீன்பிடிக்கப் போனான். தார்ப்பாயும் கம்பளியும் அவள் வீட்டுக்கு வந்தன. கம்பளியில் பழுப்புக் கறை. அலசி, காயவைத்து, சர்ச் நடத்தும் பழந்துணிக்கடையில் கொடுத்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு வேட்டைக்காரனின் நாய் கீழ்ப்பள்ளத்தில் இரண்டு சடலங்களைக் கிளறியது. கிரஹாம் ஸ்வேல், ஆன்தியா ஸ்வேல். காட்டு ஆர்க்கிட் பூக்களைப் படமெடுக்க வந்த தம்பதி. காட்டுநாய்கள் முந்திக்கொண்டதால் எப்படிச் செத்தார்கள் என்று சடலங்களால் சொல்ல முடியவில்லை. அவர்களுடைய கார் வேறொரு பள்ளத்தில் கிடந்தது. அதன் ஸ்டியரிங்கில் ராய்ஸ் டன்னிகன் என்ற மான் வேட்டைக்காரனின் கைரேகை.

டன்னிகன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான், ஒன்றைத் தவிர. மேட்டில் நிறுத்திய தன் வண்டி பிரேக் பிடிக்காமல் உருண்டு, தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் ஏறிவிட்டதாம். பயத்தில் சடலங்களையும் காரையும் மறைத்தானாம். இல்லை, கோடரியின் பின்பக்கத்தால் அடித்துக் கொன்றான் என்றது அரசுத்தரப்பு. டயர் தடம் இருந்ததா இல்லையா என்பதைத் தரை சொல்லியிருக்கும். ரத்தம் கசிந்ததா தெறித்ததா என்பதைக் கம்பளி சொல்லியிருக்கும். இரண்டும் ரேலீன் கையில் பட்டவை.

வழக்கு, மலைக்குக் கீழே இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்த நகரத்தில் நடந்தது. சாட்சிக் கூண்டில் ஏற ரேலீன் நீலச் சட்டை போட்டுப் போனாள். டன்னிகனின் வக்கீல் மிகவும் மரியாதைக்காரர். கழுத்தை அறுக்கும் முன் கைகுலுக்கும் ஜாதி.

“திருமதி ஹாஸ்கிங், கம்பளியைச் சுடுதண்ணியில துவைச்சீங்களா, பச்சைத் தண்ணியிலயா?”

“பச்சைத் தண்ணியிலதான். கொஞ்சம் உப்புப் போட்டு.”

“அது ஏன் பச்சைத் தண்ணி?”

“சுடுதண்ணி பட்டா ரத்தம் ஒட்டிக்கிடும்ல?”

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. ஜூரிகள் பன்னிரண்டு பேரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தார்கள்.

“அப்போ ரத்தம்னு தெரிஞ்சேதான் துவைச்சீங்க.”

“மான் ரத்தம்னு நெனச்சேன். எங்க ஊர்ல கம்பளின்னு ஒண்ணு இருந்தா அதுல கடமான் ரத்தம் இருக்கும். எங்க வீட்டுலயே இருக்கு. எங்க பாதிரியார் வீட்டுலயும் இருக்கு.”

யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை.

டேரிலுக்கு போன் செய்ததையும், சுருட்டிக் கொண்டுவரச் சொன்னது அவன்தான் என்பதையும் ரேலீன் சொன்னாள். ஐஸ்பெட்டியைச் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை, அவளும் வாய் திறக்கவில்லை. அந்தப் பெட்டி குப்பைமேட்டுக் கொட்டகையில் கிடைத்ததாகக் கோப்பில் ஏறியிருந்தது. ஏற்றியவன் டேரில்.

மறுநாள் டேரில் கூண்டில் ஏறினான். சீருடை மொடமொடவென்று இருந்தது. அன்றைக்கு ரேலீனிடமிருந்து அழைப்பு வந்தது உண்மை என்றான். தொலைபேசிக் கணக்கில் இருந்ததால் அந்த உண்மையைத் தவிர்க்க முடியவில்லை. என்ன பேசினார்கள்?

“ஞாபகம் இல்லைங்க. ரேலீன் வழக்கமா கழிப்பறை அடைச்சுக்கிட்டா கூப்பிடுவாங்க. ஒருவாட்டி உள்ள வாம்பட் மிருகம் புகுந்துருச்சுன்னு கூப்பிட்டாங்க. அந்த மாதிரி ஏதாவது இருக்கும்.”

இந்தத் தடவை எல்லோரும் சிரித்தார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ரேலீனை ஒரு நிருபர் திரும்பிப் பார்த்து, எதையோ எழுதிக்கொண்டார்.

அன்றிரவு பப்பில் அவளுக்குப் பெயர் சூட்டினார்கள்: சோப்புத்தூள். மறுநாள் பெட்ரோல் பங்கில் ஒருவன், “என்ன சோப்புத்தூள், என் வண்டியிலயும் கொஞ்சம் கறை இருக்கு, வந்து பாக்குறியா?” என்றான். அவனுடைய அம்மாவின் வீட்டை மூன்று வருஷம் கழுவியவள் ரேலீன்.

மெர்வ் நாற்காலியில் இருந்தபடியே கத்தினான். “அரசு வக்கீலைப் போய்ப் பாரு. ஐஸ்பெட்டிய உன் கைல இருந்துதான் வாங்கினான்னு சொல்லு. அன்னைக்கே அவன் கைக்கு வந்துச்சுன்னா, கூடாரத்தப் பத்தி அவனுக்குத் தெரியும்னுதானே அர்த்தம்? முடிஞ்சுது அவன் ஞாபக மறதி.”

“சத்தம் போடாத.”

“என்னத்துக்குப் பயப்படுற?”

“பயமில்ல. உன்னைத் தூக்கிட்டு வந்தவன் அவன்.”

அதுதான் விஷயம். கட்டை உருண்ட அன்று புயலில் ஆம்புலன்ஸ் மலையேற மறுத்துவிட்டது. டேரில் தன் சொந்த வண்டியை ஏற்றி, விழுந்த மரங்களை ரம்பத்தால் அறுத்து வழி செய்துகொண்டு, மெர்வைக் கதவுப் பலகையில் கட்டி இறக்கினான். ஊரில் எல்லோருக்கும் தெரியும். டேரில் அதை ஒருபோதும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் இவ்வளவு கனத்திருக்காது.

“என் முதுகுக்காக நீ ஊர் முழுக்கக் காறித்துப்ப நிக்கணுமா?” என்றான் மெர்வ். “அந்த முதுகே சரியா ஒட்டல, பாத்துக்கோ.”

ரேலீன் அரசு வக்கீலைப் போய்ப் பார்க்கவில்லை. நீதிமன்றத்தின் வண்டி நிறுத்தத்தில் டேரிலைப் பார்த்தாள். அவன் போலீஸ் வண்டியின் முகப்பில் காகிதம் விரித்து சாசேஜ் ரோல் தின்றுகொண்டிருந்தான்.

“டேரில். நீயே சொல்லிரு.”

“எதை?”

“நான் கழிப்பறையப் பத்தியா பேசினேன்?”

அவன் வாயைத் துடைத்துக்கொண்டான். “ரே, இப்ப நான் சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா? செத்தவங்க பெட்டில பீர் வெச்சுக் குடிச்ச போலீஸ்காரன்னு பேப்பர்ல போடுவான். பென்ஷனுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு.”

“எனக்கு என்ன பேர் வெச்சிருக்காங்கன்னு தெரியுமா?”

“ஒரு ஆறு மாசம் பேசுவாங்க. அப்புறம் வேற எவனாவது ஏதாவது பண்ணுவான்.” பிறகு கீழே பார்த்தபடி, “உன்னை யாரும் ஜெயில்ல போடப் போறதில்லையே” என்றான்.

அவன் சொன்னது சட்டப்படி சரி. ரேலீன் திரும்பி உள்ளே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். சாட்சி முடிந்தவர்கள் வரவேண்டியதில்லை. ஆனாலும் ஒருநாள் விடாமல் போனாள். கொலை என்று தீர்ப்பு வந்துவிட்டால், துவைத்த கம்பளி வெறும் துவைத்த கம்பளியாகிவிடும். அந்த ஒன்றுக்காகத்தான் விடியும் முன்னே மெர்வுக்கு ரொட்டி சுட்டு வைத்துவிட்டு மலையிறங்கினாள். நிபுணர் ஒருவர் படம் போட்டு விளக்கினார்: கறை இருந்திருந்தால் இப்படி இருக்கும், அல்லது இப்படி இருக்கும், கழுவப்பட்டதால் சொல்வதற்கில்லை. ‘கழுவப்பட்டதால்’ என்ற சொல்லை அவர் எத்தனை தடவை சொன்னாரோ, அத்தனை தடவையும் பின்வரிசையில் ஒரு தலை குனிந்தது.

ஜூரிகள் ஐந்து நாள் கூடிப் பேசினார்கள். கொலைக் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. சடலங்களை மறைத்தது மட்டும் குற்றம். டன்னிகன் ஏற்கனவே சிறையில் இருந்த காலத்தைக் கழித்தால், அடுத்த வேட்டைப் பருவத்துக்கு முன்பே வெளியே வந்துவிடுவான்.

நடைக்கூடத்தில் ஸ்வேல் தம்பதியின் மகள் இமோஜன் நின்றுகொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும், அப்பாவின் மழைச்சட்டையைப் போட்டிருந்தாள், அதன் தோள் அவள் கைவரை இறங்கித் தொங்கியது. ரேலீன் அருகே போனாள்.

“உங்கமேல எனக்குக் கோபம் இல்ல” என்றாள் இமோஜன். “கொஞ்சம் சோம்பேறியா இருந்திருக்கலாம் நீங்க. அவ்வளவுதான்.”

ரேலீன் தலையாட்டினாள். வேறு என்ன செய்வது? நியாயமான குறை.

ரேலீன் ஊர் திரும்பியதும் பரண்டீன் நீதி வழங்கத் தொடங்கியது. தகர மண்டபத்தில் சிறந்த குடிமக்களின் படவரிசை மாட்டிய சுவருக்குப் புதிதாகச் சாயம் பூசப்போவதாகச் சொல்லி எல்லாப் படங்களையும் கழற்றினார்கள். சாயம் காய்ந்து திரும்ப மாட்டியபோது ஒன்று குறைந்தது. ஆணி மட்டும் அப்படியே இருக்கிறது. கழிப்பறை வேலையை யாரும் அவளிடமிருந்து பறிக்கவில்லை. அந்த வேலைக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. இப்போதும் மலையேறுகிறாள். கழிப்பறையை மட்டும் கழுவிவிட்டுத் திரும்புகிறாள். பாட்டில் கிடந்தால் கிடக்கட்டும். முகாம்களில் குப்பை சேர்ந்துவிட்டதென்று ஊராட்சிக் கூட்டத்தில் புகார் வந்தது. பொறுப்புணர்ச்சி குறைந்துவிட்டது என்று பேசியவர்களில் டேரிலும் ஒருவன்.

முதல் பனி விழுந்த வாரத்தில் ஒரு காலை அவள் எழுந்து பார்த்தபோது, கேட்டுக்கு உள்ளே ஒரு டிரெய்லர் அளவு விறகு கொட்டியிருந்தது. சிவப்புக் கட்டை, பிளந்து, ஒரே அளவாக. துண்டுச் சீட்டு எதுவும் இல்லை. சக்கரத் தடம் போலீஸ் ஸ்டேஷன் பக்கம் திரும்பியிருந்தது.

மெர்வ் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். “நல்ல மரம், ரே. ரெண்டு வருஷம் காய்ஞ்சிருக்கும்.”

“தெரியுது.”

“திருப்பிக் கொட்டிட்டு வரவா சொல்ற? என் முதுகு தாங்காது.”

“நான் ஒண்ணும் சொல்லல.”

அவள் அதைத் திருப்பி அனுப்பவில்லை. கொட்டகைக்குள் அடுக்கவும் இல்லை, மேலே ஒரு தார்ப்பாய் போடவும் இல்லை. மழையும் பனியும் அதன்மேல் விழுகின்றன. வீட்டு அடுப்புக்குப் பெட்ரோல் பங்கிலிருந்து மூட்டை விறகு வாங்கிவருகிறாள். பச்சை மரம், பாதி புகை. மெர்வ் போர்வையைப் போர்த்திக்கொண்டு இருமுகிறான்.

போன வாரம் பேக்கரியில் டேரிலின் மனைவி அவள் பக்கத்தில் வந்து நின்றாள். ரொட்டியைத் தேர்ந்தெடுக்கிற பாவனையில், “விறகு நல்லா எரியுதா, ரேலீன்?” என்று கேட்டாள்.

“இன்னும் எரிச்சுப் பாக்கல” என்றாள் ரேலீன்.