துண்டுக்கடியில் செத்த விரல்கள்

மாட்டுத் தரகில் விலை வாயில் வராது. துண்டுக்கடியில் விரலைப் பிடித்துச் சொல்வதுதான் விலை. ஒரு விரல் என்றால் நூறு ரூபாய். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. கீழ்வேளூர்ப் பக்கத்துச் சந்தைகளில் அடிபட்டு மிதிபட்டு நான் ஆளானது இந்த விரல்களால்தான். அவை சர்க்கரை வியாதியில் போன கதையை, தினம் ஊசி குத்திக்கொள்ளும் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

தீய்ந்த வாடை

டீக்கடையில் ஒருத்தனோடு உரக்கப் பேசிக்கொண்டிருந்தேன். ஏதோ தீய்கிற வாடை. பாலை அடிப்பிடிக்க விட்டாயா என்று கடைக்காரரைப் பிடித்துத் திட்டினேன். அவர் என் கையையே பார்த்தார்.

"பாலு நல்லாத்தாண்ணே இருக்கு. பீடி முடிஞ்சு உங்க வெரலு வேகுது."

டாக்டரிடம் பேரம்

தஞ்சாவூர் டாக்டர் ஊசியால் குத்திக் குத்திப் பார்த்தார். நரம்பு செத்துக்கொண்டு வருகிறது, சிறுநீரகமும் சரியில்லை, போனது திரும்பாது என்றார். எத்தனை வருஷம் என்றேன். கவனமாக இருந்தால் கொஞ்ச வருஷம் ஓட்டலாம் என்றார். முதலில் சொன்ன விலைக்கு நான் எதையும் முடித்ததில்லை. "பார்த்து, கொஞ்சம் கூட்டிச் சொல்லுங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"எங்கிட்ட இருந்தா குடுக்க மாட்டேனாய்யா?"

மறுபடி போட்ட துண்டு

வியாதியை மறைத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன். ஒரு ஜோடி உழவு மாடு. ஆயிரத்துக்கு மேல் மூன்று நூறு என்று விற்கிறவர் மூன்று விரலைப் பிடித்திருக்கிறார். எனக்கு உறைத்தது இரண்டு. அப்படியே முடித்து, கயிறும் கைமாறிவிட்டது. பிறகு சண்டை. அவரைப் பொய்யன் என்று சந்தையே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அவர் கத்தவில்லை. துண்டை மறுபடி என் கைமேல் போட்டார், தன் கையை உள்ளே விட்டார். "இப்ப எத்தனை?" என்றார். குத்துமதிப்பாக இரண்டு என்றேன். துண்டை விலக்கினார். அவர் கை என் கையைத் தொடவே இல்லை.

"வீட்டுக்குப் போங்க தரகரே."

காத்தாயி வந்தாள்

போனேன். சாவதைத் தவிர எனக்கு வேலை எதுவும் மிச்சமில்லை. வெளியே கூலித் தகராறு. வரப்புக்கு வரப்பு கொடி, ரோட்டில் போலீஸ் வண்டி. வெளியூர் ஆளை இறக்கி அறுக்கப்போவதாக மிராசுதார் மிரட்டிக்கொண்டிருந்தார். அறுப்பு ஆட்களுக்கு முன்னால் நிற்கிற காத்தாயி என்னைத் தேடி வந்தாள். தாசில்தாரை வைத்துப் பேசப்போகிறார்கள், எங்களுக்கு விட்டுக்கொடுக்கத்தான் தெரிகிறது, நீங்க வாங்க என்றாள். கை போன தரகனுக்கு அங்கே என்னடி வேலை, போ என்று எரிந்து விழுந்தேன். அவள் நகரவில்லை.

"கையைப் புடிக்கவா கூப்புடுறோம்? இப்ப என்னைப் பேசுனீங்கள்ல, அதை அங்க வந்து பேசுங்க."

கலத்துக்கு ஒரு படி

பேச்சு இழுத்தது. எனக்குக் கால் வீங்கிவிட்டது, சட்டை நனைந்துவிட்டது. மிராசுதார் முதலில் காபி வரவழைத்தார். அது பலிக்காததும், வீடு போய்ச் சேரமாட்டே என்றார். என் ஆயுசைப் பற்றி டாக்டர் சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னேன். அறுக்கிற ஒவ்வொரு கலம் நெல்லுக்கும் கூலியில் இரண்டு படி கூடுதல் கேட்டோம், ஒன்றில் முடிந்தது. ஊரே கேட்க வாய்விட்டு நான் பேசிய முதல் பேரம் அதுதான். எழுந்து போகும்போது மிராசுதார் தன் கணக்குப்பிள்ளையிடம் முணுமுணுத்தார்.

"சாகப்போறவனைக் கூட்டியாந்திருக்காளுவ. இவனை எதைக் காட்டிய்யா மெரட்டுறது?"

அறுவடை முடிந்த கையோடு கால் விரல் ஒன்றை வெட்டி எடுத்தார்கள். அடுத்த கூலிப் பேச்சுக்கு வண்டி கட்டித் தூக்கிப்போகிறோம் என்று காத்தாயி சொல்லிவிட்டதால், அதுவரை இருந்து தொலைக்க வேண்டியிருக்கிறது.