வீடு பார்க்க வந்தவர்கள்

யாராவது வீடு பார்க்க வருகிறோம் என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வந்துவிடும். சென்ற மாதம் கடன் விஷயமாக வங்கியிலிருந்து இரண்டு பேர் அப்படி வந்தார்கள். பாவம், நல்ல மனிதர்கள். டீயைக் குடித்தார்கள், சுவரை ஒரு பார்வை பார்த்தார்கள், போய்விட்டார்கள். அவர்கள் படியிறங்கும்வரை நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர்கள் உனக்கு என்ன செய்தார்கள் என்று என் கணவர் கேட்டார். அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. செய்தவர்கள் வேறு இரண்டு பேர்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பல்லடத்துக்குப் பக்கத்தில் மாமன் வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தேன். மாமன் என்றால் என் அம்மாவின் தம்பி. அப்பா கேரளாவுக்கு வேலைக்குப் போகிறேன் என்று போனவர், போனவர்தான். அம்மாவுக்கு மனம் நிலைகொள்ளாமல் போய், மருத்துவமனை, மாத்திரை என்று அலைந்து, கடைசியில் வெளியூரில் ஒரு இல்லத்தில் இருந்தாள். போய்ப் பார்த்தால் சில நாள் என்னைத் தெரியும், சில நாள் தெரியாது. ஆகவே நான் அனாதையும் இல்லை, பெற்றவர்களிடம் வளர்கிற பிள்ளையும் இல்லை. அரசாங்கத்துக்கு இப்படிப்பட்ட பிள்ளைகளை எங்கே வைப்பது என்று தெரியாது. மாமனுக்கும் அத்தைக்கும் அந்தக் குழப்பமே இருந்ததில்லை. அக்கா மகள் நம் வீட்டில் இல்லாமல் வேறெங்கே இருப்பாள் என்பதோடு அவர்கள் யோசனை முடிந்துவிட்டது.

மாமன் தறி ஓட்டினார். தறிக்குடோனுக்குப் பின்னால் முதலாளி கட்டிவிட்டிருந்த லைன் வீடுகளில் ஒன்று எங்களுடையது. ஒரே அறை, அதன் மூலையிலேயே அடுப்பு. மாமன், அத்தை, ஒன்பதாவது படிக்கும் அவர்கள் மகன், நான் என்று நாலு பேரும் அந்த அறையில்தான் உண்டோம், படித்தோம், தூங்கினோம். மாமன் மகனுக்கும் எனக்கும் எதிலும் ஒத்துப்போகாது. என் பென்சிலைத் திருடுவான், என் தலைமுடியை இழுப்பான், பள்ளிக்கூடத்தில் வேறு யாராவது இழுத்தால் அவர்களை அடிக்கப் போவான். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் இருந்திருந்தால் அவனும் அப்படித்தான் செய்திருப்பான் என்று அத்தை சொல்வாள்.

எங்கள் லைனில் ஒரு பழக்கம் உண்டு. எந்த வீட்டில் பெண் பார்க்க வருகிறார்களோ, அன்று காலையில் மற்ற வீடுகளின் நல்ல சாமான்களெல்லாம் அந்த வீட்டுக்குக் குடிபோய்விடும். கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒரு வீட்டிலிருந்து, பூப்போட்ட கண்ணாடி டம்ளர் இன்னொரு வீட்டிலிருந்து, சுவர்க் கடிகாரம் கடைசி வீட்டிலிருந்து. மாப்பிள்ளை வீட்டார் தெருமுனை தாண்டியதும் எல்லாம் அதனதன் வீட்டுக்குத் திரும்பிவிடும். இதில் யாருக்கும் வெட்கமில்லை. வந்தவர்கள் முன்னால் ஒரு வீடு வெறும் வீடாக நிற்பதுதான் லைனுக்கே வெட்கம். ஒருமுறை ஒரு பெரியவர் வெவ்வேறு வரன்களோடு எங்கள் லைனிலேயே இரண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். இந்தக் கடிகாரத்தை எங்கேயோ பார்த்தாப்ல இருக்குதுங்களே என்று வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கோயமுத்தூர்க் கடையிலே இந்த மாதிரிதானுங்க எல்லாரும் வாங்கறாங்க என்று அத்தை சமாளித்தாள்.

பெற்றவர்களால் வளர்க்க முடியாத பிள்ளைகளை உறவுக்காரர்கள் வளர்த்தால் அரசாங்கம் மாதாமாதம் ஏதோ உதவி செய்கிறது என்று எங்கள் வகுப்பு டீச்சர் மாமனைக் கூப்பிட்டுச் சொன்னார். மாமனுக்குக் கேட்கக் கூச்சம். அக்கா மகளுக்குச் சோறு போட அரசாங்கத்திடம் கை நீட்டுவதா என்று தயங்கினார். டீச்சர்தான் விடாப்பிடியாக நின்று எழுதிப் போட வைத்தார். கொஞ்ச நாளில் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. வியாழக்கிழமை வந்து வீட்டைப் பார்ப்போம், பிள்ளையையும் பார்ப்போம் என்றார்கள்.

அவ்வளவுதான், லைன் முழுக்கப் பேச்சாகிவிட்டது. யாரோ ஒருவர், இப்படித்தான் எங்கள் ஊரில் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு, இங்கே வசதி போதாது என்று பிள்ளையை இல்லத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று சொல்லி வைத்தார். அதைக் கேட்ட நேரத்திலிருந்து அத்தைக்குச் சோறு இறங்கவில்லை. உதவி என்ற பேச்சே அவளுக்கு மறந்துபோயிற்று. என்னைக் கொண்டுபோய்விடுவார்கள் என்பது மட்டும்தான் நின்றது. எனக்கும் அதே பயம்தான். அம்மா இருக்கும் இல்லத்தை நான் பார்த்திருக்கிறேன். எல்லா இல்லமும் அப்படித்தான் இருக்கும், எனக்கும் அங்கே ஒருநாள் யாரையும் தெரியாமல் போய்விடும் என்று நினைத்துக்கொண்டேன்.

லைன் பெண்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்தார்கள். வியாழக்கிழமை காலையில் சாமான்கள் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கின. கட்டில் வந்தது, மெத்தையோடு. படிக்கிற மேஜை வந்தது. கோழிப்பண்ணை வண்டி ஓட்டுகிறவர் வீட்டு பிரிட்ஜை நாலு ஆள் தூக்கி வந்து வைத்தார்கள். உள்ளே காலியாக இருந்தால் நன்றாக இருக்காது என்று ஒருத்தி முட்டை அடுக்கினாள், இன்னொருத்தி கொத்தமல்லிக் கட்டு வைத்தாள். எங்கள் வீட்டில் ஒரே ஒரு பிளக்தான். பிரிட்ஜை மாட்டியதும் மின்விசிறியைக் கழற்ற வேண்டியதாயிற்று. கடிகாரமும் வந்து தன் இடத்தில் ஏறிக்கொண்டது. மணப்பெண் மாதிரி எனக்குத் தலை சீவி, பூ வைத்து, எங்கே தூங்குவாய் என்று கேட்டால் கட்டிலில் என்று சொல்ல வேண்டும் எனப் பழக்கினார்கள். மாமன் மகன் ஒரு மூலையில் நின்று, மாப்பிள்ளைக்குப் பல்லு இருக்குதான்னு பாத்துக்க புள்ள என்று கேலி செய்தான்.

அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாவும் ஒரு சாரும் வந்தார்கள். வியர்வையைத் துடைத்துக்கொண்டே வடையைத் தின்றார்கள். அந்த அம்மா என் கன்னத்தைத் தடவி, பாப்பாவை நல்லா வெச்சிருக்கீங்க என்று அத்தையிடம் சொன்னார். அத்தை அங்கேயே அழுதுவிட்டாள். அவர்கள் போனதும் மாமன் கடைவீதிக்கு ஓடிப்போய் மைசூர்பாகு வாங்கி வந்து லைன் முழுக்கக் கொடுத்தார். பிள்ளையைக் கொண்டுபோகவில்லை, பரீட்சையில் பாஸ் என்று எங்களுக்கு அன்று திருவிழா.

உதவி மறுக்கப்பட்டது என்று பிறகு டீச்சர் மூலம் தெரிந்தது. காரணம், வசதியான குடும்பம், வீட்டில் பிரிட்ஜ், கட்டில் எல்லாம் இருக்கிறது.

மாமன் பொய்யோடு குடித்தனம் நடத்தத் தெரியாதவர். ஒருநாள் கூலியை விட்டுவிட்டுத் திருப்பூரில் இருந்த அந்த அலுவலகத்துக்கு பஸ் ஏறிப் போய், அதெல்லாம் எங்களுதில்லைங்க, லைன்ல இருக்கறவங்க குடுத்ததுங்க என்று உண்மையைச் சொன்னார். அப்படியென்றால் அரசாங்கத்தை ஏமாற்றினீர்களா என்று கேட்டு, அவரைச் சாயங்காலம்வரை நிற்க வைத்து அனுப்பினார்கள். ஏமாற்றுகிறவன் பிரிட்ஜை ஒளித்து வைப்பானே தவிர, கடன் வாங்கிக் கொண்டுவந்து காட்டுவானா? இந்தச் சின்ன விஷயம்கூட, இத்தனை படித்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தோன்றவில்லை. நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த முறை சொல்லாமல் வந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு நானும் மாமன் மகனும் வந்திருந்த நேரம். அவன் சட்டையைக் கழற்றிவிட்டு வெறும் தரையில் படுத்துக் கிடந்தான். நான் அவன் காலடியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கொடியில் துணிகள், மூலையில் சுருட்டிய பாய்கள். வீடு தன் சொந்த முகத்தோடு இருந்தது. அந்த சார் சுற்றிலும் பார்த்துவிட்டு, இந்தப் பையன் யார் என்று கேட்டார். எம் பையனுங்க என்றாள் அத்தை. அப்போ இந்தப் பாப்பாவுக்கு முறைப்பையன் என்று சொல்லிக்கொண்டே அவர் எழுதினார்.

அந்த அம்மா தணிந்த குரலில்தான் பேசினார். பெண் பிள்ளை வளர்கிறாள், ஒரே அறை, வயது வந்த பையன் இருக்கிறான், இது பாதுகாப்பில்லை, கோயமுத்தூரில் நல்ல இல்லம் இருக்கிறது, கட்டில் உண்டு, சாப்பாடு உண்டு, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போய்ப் பார்க்கலாம் என்றார். பாதுகாப்பு வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? அவர்கள் பயந்தது போல நடக்கிற வீடுகளும் உண்டு, அது எனக்கும் தெரியும். ஆனால் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த வீட்டில் உனக்குப் பயமாக இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எங்களுக்கு ஒருபுறம் இருந்த வீடு அப்போது பூட்டிக் கிடந்தது. அவர்கள் மறுத்த அந்த உதவி வந்திருந்தால் அதையும் வாடகைக்கு எடுத்து ஓர் அறையை இரண்டாக்கியிருப்போம். வசதி இல்லாத குறையைத் தீர்க்கத்தான் அந்த உதவியே இருக்கிறது. கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பார்களே, அந்தக் கதைதான்.

அத்தை யாரையும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அன்று பேசினாள். அப்போதும் அவள் மரியாதையை விடவில்லை.

"ஏனுங்க, போன தடவை ஊடு நல்லா இருக்குதுன்னு காசு இல்லீன்னீங்க. இந்தத் தடவை ஊடு நல்லா இல்லீன்னு புள்ளையக் கேக்கறீங்க. நாங்க எப்படித்தானுங்க இருக்கோணும்? நீங்களே சொல்லிப்போட்டுப் போங்க, அப்படியே இருந்துக்கறோம்."

சாருக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த அம்மாதான், பையனை வேறு எங்கேயாவது தங்க வைத்தால் பாப்பாவை இங்கேயே விடுவது பற்றி யோசிக்கலாம் என்று சொன்னார். யோசித்துச் சொல்லுங்கள் என்றும் சொன்னார். ஏதோ சலுகை செய்வது போலத்தான் சொன்னார். மாமன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாமனும் அத்தையும் என்ன யோசித்தார்கள், எப்போது யோசித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமன் மகனின் புத்தகங்களும் துணிகளும் ஒரு கட்டைப்பையில் ஏறின. தாராபுரத்துக்கு அப்பால் அத்தையின் அண்ணன் வீடு இருந்தது. அங்கே நல்ல பள்ளிக்கூடம், அங்கேயிருந்து படிக்கப் போகிறான் என்றார்கள். நானும் பஸ் நிலையத்துக்குப் போனேன். எனக்குப் பொறாமை. ஜன்னலோரம் உட்கார்ந்து அவ்வளவு தூரம் பஸ்ஸில் போகப்போகிறான், அவனுடைய மாமன் வீட்டில் தோட்டம், கிணறு, ஆட்டுக்குட்டி எல்லாம் இருக்கிறது, அவனுக்கு மட்டும் என்ன இப்படி வாய்த்தது என்று மனதுக்குள் பொருமினேன். பஸ் கிளம்பும்போது அவன் ஜன்னல் வழியாகக் கையை விட்டு என் தலைமுடியை ஒருமுறை இழுத்தான். நான் கத்தினேன். அத்தை பஸ் நிலையத்துக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு யாரும் என்னைக் கொண்டுபோக வரவில்லை. உதவியும் வரவில்லை. மாமன் அதற்குப் பிறகு அந்த அலுவலகத்தின் திசைக்கே போகவில்லை. ஆனால் அத்தை ஒரு பழைய கட்டிலைத் தவணையில் வாங்கிப் போட்டாள், எனக்கே எனக்கு என்று. அறையில் ஓர் ஆள் படுக்கிற இடம் காலியாகியிருந்ததே, அங்கேதான் அந்தக் கட்டில் சரியாகப் பொருந்தியது. அதில் ஏறிப் படுத்த அன்று லைனிலேயே எனக்கு நிகர் யாருமில்லை என்று நினைத்தேன்.

பெற்றவர்களிடம் வளர முடியாத பிள்ளை அந்த வீட்டில் ஒன்றுதான் இருந்தது. அந்தப் பிள்ளைக்கு உதவி செய்ய வந்தவர்கள் போன பிறகு இரண்டாயிற்று. இரண்டாவது பிள்ளை தன் தாய்மாமன் வீட்டில் எப்படி இருக்கிறான், எங்கே தூங்குகிறான் என்று பார்க்க எந்த அலுவலகத்திலிருந்தும் யாரும் போகவில்லை. இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அப்போது எனக்கு இந்தக் கணக்கு தெரியாது.

தீபாவளிக்கு அவன் வந்தான். கொஞ்சம் உயரமாகியிருந்தான். எண்ணெய் வைத்துத் தலையைப் படிய வாரியிருந்தான். செருப்பை வெளியில் ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே வரலாமா என்பது போலக் கதவருகில் நின்றான். பக்கத்து வீட்டு அக்கா அவனைப் பார்த்துவிட்டு, லைன் பழக்கப்படி ஓடிப்போய்க் கை வைத்த நாற்காலியை எடுத்து வந்து நடு அறையில் போட்டாள். உக்காரு கண்ணு, எப்ப வந்தே, எத்தன நாளு இருப்பே என்று கேட்டாள். அவனும் உட்கார்ந்தான், கைகளை மடியில் வைத்துக்கொண்டு.

அடுப்பு முன்னால் இருந்த அத்தை எழுந்து வந்தாள். அவன் கையைப் பிடித்து எழுப்பினாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு வாசலில் சத்தம் வரும்படி வைத்துவிட்டு வந்தாள்.

"கீழ உக்காரு," என்றாள் அத்தை அவனிடம். "இது உன்ற ஊடு."

நான் என் கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தவனை நாற்காலியில்கூட உட்கார விடாமல், கொடுத்தவளையும் அவமானப்படுத்தி, இந்த அத்தைக்கு நல்ல நாளும் அதுவுமாக என்ன வந்தது என்று எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.