அக்ரூட் உதிரும்போது வருகிறேன் என்றவர்

“திரும்பி வரேன்னு சொல்லிட்டுத்தான் எல்லாரும் போறாங்க. ஒருத்தரும் ஏன் வர்றதில்ல, மிர்தா?”

எவிச்சா அத்தை ஓர் அக்டோபர் மாலையில் என்னிடம் இப்படிக் கேட்டார்.

அதற்கு முந்தைய வருடம்தான் நான் பள்ளிப் படிப்பை முடித்திருந்தேன். டான்யூப் ஆற்றங்கரையில் உள்ள வுகோவர் துறையில் இறங்கும் கப்பல் பயணிகளைப் பேருந்தில் எங்கள் கிராமத்துக்குக் கூட்டிவந்து, மதியச் சாப்பாட்டுக்கு வீடுவீடாகப் பிரித்து அனுப்புவார்கள். அத்தை வீட்டு மேசையில் இரு பக்கப் பேச்சையும் மொழிபெயர்ப்பது என் வேலை. அத்தை எனக்கு உறவில்லை, பக்கத்துத் தெரு. கணவர் இறந்துவிட்டார். ஒரே மகன் அயர்லாந்தில், கார்க் நகரத்தில் இருக்கிறான். எங்கள் ஊரில் பாதி வீடுகள் அப்படித்தான் பூட்டிக் கிடக்கின்றன.

நான் சிறுமியாக இருந்தபோது டான்யூபில் எப்போதாவது ஒரு கப்பல் வந்து நிற்கும். இப்போது வசந்தம் பிறந்தால் மூன்று கப்பல்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. கடைசிக் கப்பல்காரர்கள் மற்ற இரண்டுக்குள்ளும் நுழைந்துதான் கரைக்கு வர வேண்டும். வருகிறவர்களும் மாறிவிட்டார்கள். முன்பெல்லாம் வயதான தம்பதிகளே வருவார்கள், அத்தை நாற்காலிகளை ஜோடி ஜோடியாகப் போடுவார். இப்போது தனியாக வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். புதுக் கப்பல்களில் அவர்களுக்கென்றே ஒற்றை அறைகள் உண்டு. அத்தையும் நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போடப் பழகிக்கொண்டார்.

அப்படித் தனியாக வந்தவர்தான் ஹால்வர். நார்வேக்காரர், மனைவியை இழந்தவர். மீன் குழம்பைச் சாப்பிட்டு முடித்த மற்றவர்கள் முற்றத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் சமையலறைக்குள் போய், துணியை எடுத்து, அத்தை கழுவிய தட்டுகளைத் துடைக்கத் தொடங்கினார்.

எங்கள் பக்கத்தில் விருந்தாளியைப் பாத்திரம் தொட விடமாட்டார்கள். தொட விட்டுவிட்டால் அவர் வீட்டு மனிதர். அத்தை தடுக்கவில்லை. ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது, ஆனாலும் அங்கே எனக்கு வேலை இருக்கவில்லை. பேருந்து ஹாரன் அடித்த பிறகு, வாசலின் பச்சைக் கதவருகே நின்று அவர் முற்றத்து அக்ரூட் மரத்தைக் காட்டினார். காய் உதிரும்போது வருகிறேன் என்றார். அதை நான்தான் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

அந்த இலையுதிர் காலத்தில் மகன் விமானச் சீட்டு அனுப்பியும் அத்தை போகவில்லை. உதிர்ந்த அக்ரூட்டைப் பொறுக்கி, காயவைத்து, துணிப்பையில் போட்டு ஆணியில் மாட்டினார். ஹால்வர் வரவில்லை. மறு வருடம் அக்டோபரில் பேத்திக்கு ஞானஸ்நானம். அதற்கும் போகவில்லை.

அடுத்த வீட்டு மாத்தோ வேலிக்கு மேல் தலையை நீட்டினார். “என்ன எவிச்சா, ஒன் நார்வேக்காரன் நீந்தியா வரான்?”

“ஜெர்மனிக்கு வேலைக்குப் போன ஒன் பொண்டாட்டி எப்ப வராளாம்? அத மொதல்ல கேளு.”

மாத்தோ தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அன்று மாலைதான் அத்தை என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

பதிலைக் கப்பலின் வழிகாட்டிப் பெண்ணிடம் தெரிந்துகொண்டேன். இந்த ஆற்றைப் பார்த்தவர்கள் அடுத்த வருடம் ரைன் ஆற்றுக்குப் போவார்கள், அதற்கடுத்து போர்ச்சுகலில் வேறொரு ஆறு. பார்த்த ஆற்றுக்கே மறுபடி வருகிறவர்கள் குறைவு. கதவருகே சொல்வதெல்லாம் மரியாதைக்குச் சொல்வது. இதை அத்தையிடம் அப்படியே சொன்னேன். அவர் ரொட்டியைத் துண்டு போட்டுக்கொண்டே கேட்டார்.

“அந்த மனுசன் ஆத்தப் பாக்கவா வந்தான்? தட்டுத் தொடச்சான்டி.”

வெட்டிய துண்டுகளை நான் கூடையில் அடுக்கினேன்.

இந்த வசந்தத்தில் எனக்கே ஒரு கப்பலில் அறை சுத்தம் செய்யும் வேலை கிடைத்தது. விடைபெறப் போனபோது அத்தை பச்சைக் கதவு வரை வந்தார். “நீயும் வரேன்னு மட்டும் சொல்லாத. சொன்னா காத்துக்கிட்டிருப்பேன்.” நான் சொல்லவில்லை. அவர் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு வந்துவிட்டேன். இப்போது தினமும் ஒற்றை அறைகளில் ஒரே ஒரு தலையணையைத் தட்டி வைக்கும்போது அந்தக் கதவு நினைவுக்கு வருகிறது.

படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கப்பலில் போனவர்கள், போகப்போகிறவர்கள் யாரைப் பார்த்தாலும் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர்களும் இன்னொருவரிடம் சொல்லட்டும், அப்படியே ஹால்வரின் காதுக்கும் போய்ச் சேரட்டும். அவர் வர வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. வரமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் போதும். இந்த அக்டோபரிலாவது அத்தை பேத்தியைப் பார்க்கப் போவார்.