அவள் ஓடச் சொல்லாத லைன்

நாலு வரி போதும் என்றார்கள். தொழிற்சாலை அலுவலகத்திலிருந்து பேசிய பெண் மிகவும் மரியாதையானவர்.

"மேடம் இந்த வருஷம் எந்தெந்த ஊருக்குப் போனாங்க, என்னென்ன சாதிச்சாங்க, வீட்ல என்ன நல்லது நடந்துச்சுன்னு நாலே நாலு வரி எழுதிக் கொடுங்க சார். ஆண்டு மலர்ல போடுறோம். அப்புறம், புது ஹாலுக்கு மேடம் பேரைத்தான் வைக்கிறோம். மாட்டுறதுக்கு ஒரு போட்டோ வேணும். கொஞ்சம் சிரிச்ச மாதிரி இருந்தா நல்லா இருக்கும்."

சிரித்த மாதிரி ஒரு படம் என் மனைவிக்குக் கிடையாது. எந்தப் படத்தை எடுத்தாலும், எடுக்கிறவனிடம் "வெளிச்சத்துக்கு எதிர்ல நின்னு எடுக்கிறியே, உனக்கு யார்டா வேலை கொடுத்தது" என்று கேட்கிற முகம்தான் அதில் இருக்கும். அப்படி ஒன்றைத்தான் சட்டம் போட்டு விழாவுக்கு எடுத்துப் போனேன். நாலு வரி மட்டும் எழுத வரவில்லை. எழுத உட்கார்ந்தால் இன்றுவரை வருவதெல்லாம் கோபம்தான்.

புதிதாகத் தையல் கூடம் திறக்கிற இடத்துக்கெல்லாம் போய் லைன் அமைத்துக் கொடுப்பது அவள் வேலை. லைன் என்றால் வரிசையாகப் போட்ட தையல் இயந்திரங்கள். ஒருத்தி காலர் வைப்பாள், அடுத்தவள் கை சேர்ப்பாள், அதற்கடுத்தவள் காஜா எடுப்பாள்; வரிசையின் முடிவில் சட்டையாக வந்து விழும். எந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் எது நிற்க வேண்டும், எந்தப் பெண்ணின் கைக்கு எந்த வேலை வரும் என்று பார்த்துப் பார்த்து உட்கார வைப்பாள். வாய் ஓயாது. "ஏண்டி, அது துணிடி, உன் மாமியார் இல்ல. எதுக்கு இந்த இழு இழுக்கிற?" என்று அவள் கத்தினால் கூடமே சிரிக்கும். பெண்களுக்கெல்லாம் அவள் 'லைன் அக்கா'.

ஒவ்வொரு இருக்கையிலும் முதலில் தான் உட்கார்ந்து ஒரு துண்டு தைத்துப் பார்த்த பிறகே வேறு யாரையும் உட்கார விடுவாள். எல்லாம் சரியானதும் கடைசியாக ஒன்று செய்வாள். "எழுந்திரிங்கடி எல்லாரும்" என்பாள். அத்தனை பெண்களும் எழுந்து, கூடத்தின் பின்கதவு வழியாக வெளியே போய், கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாகத் திரும்பி வந்து உட்கார வேண்டும். உட்கார்ந்ததும், "லைன் ஓடட்டும்" என்பாள். அதன் பிறகுதான் சுவிட்சைப் போடுவார்கள். மேலாளர்கள் இதை ஏதோ அவளுடைய நம்பிக்கை என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போவார்கள்.

அது நம்பிக்கை இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவளும் ஒரு லைனில் உட்கார்ந்து தைத்தவள்தான். ஒருநாள் மின்பெட்டியிலிருந்து புகை வந்திருக்கிறது. தீகூட இல்லை, வெறும் புகை. பின்னால் ஒரு கதவு இருப்பதே யாருக்கும் தெரியாமல் எல்லாரும் முன்வாசலில் போய் விழுந்திருக்கிறார்கள். இவள் கீழே, மேலே மற்றவர்கள். இடது கையில் இரண்டு விரல்கள் கோணலாகவே நின்றுவிட்டன. பெண் பார்க்கப் போனபோது அந்தக் கையை மறைக்காமல் முன்னால் நீட்டி, "இது இப்படித்தான் இருக்கும், பரவாயில்லையா?" என்று கேட்டாள். நான் சரி என்றேன். எதற்கும் சரி என்று சொல்கிற ஆள் நான். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறேன். ஊர்களை வரைபடத்தில் காட்டுவதோடு சரி. ஊர் ஊராகப் போனது அவள்தான்.

அவளுடைய அண்ணனுக்கு இது கடைசிவரை செரிக்கவில்லை. "ஏன் மாப்பிள்ளை, ஊர்ல எல்லாரும் பொண்டாட்டி கையால சாப்பிடுறான். நீங்க பொண்டாட்டிக்குச் சோறு கட்டி பஸ் ஏத்தி விடுறீங்களே" என்பார்.

அவள் விடமாட்டாள். "அண்ணா, அவர் கட்டுற சோத்துல உப்பாவது இருக்கும். அண்ணி கட்டுறதுல அதுவும் இல்லைன்னு நீதானே என்கிட்ட வந்து அழுவ?"

வருடத் தொடக்கத்தில்தான் அந்தப் புதுக் கூடத்துக்குப் போனாள். இப்போது அவள் பெயரை வைத்திருக்கிறார்களே, அதே கூடம். பெரிய ஆர்டர், புது இயந்திரங்கள், நூற்றுக்கு மேல் பெண்கள். எல்லாம் அமைத்து முடித்துவிட்டு, "எழுந்திரிங்கடி" என்று சொல்லித் திரும்பிப் பார்த்தால் பின்கதவைக் காணோம். கூரைவரை அட்டைப்பெட்டிகள். பொத்தான், நூல், லேபிள் எல்லாம் அங்கேதான் அடுக்கியிருக்கிறார்கள். எடுக்கச் சொல்லியிருக்கிறாள். கிடங்கு கட்டி முடியவில்லை, அதுவரை இப்படித்தான் என்றிருக்கிறார் மேலாளர்.

"அப்போ அதுவரைக்கும் லைனும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, காஜா இயந்திரத்தின் இருக்கையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஒருநாள் முழுக்க இந்தக் கூத்து நடந்தது. மறுநாள் காலையில் அவளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருக்கும்போதே, வேறொரு சூப்பர்வைசரை வைத்துச் சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். இயந்திரங்களின் சத்தம் சுவர் தாண்டிக் கேட்டிருக்கிறது. "நான் ஓடச் சொல்லலையே வாத்தியாரே, அது பாட்டுக்கு ஓடுது" என்று என்னிடம் போனில் சொன்னாள். அவள் குரல் கம்மி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு அவளை ஒரு இடத்தில் உட்காரவிடவில்லை. பக்கத்துக் கூடங்களுக்கு வேறு ஆட்கள் போனார்கள். இரவு முழுக்கப் பயணம் செய்ய வேண்டிய ஊர்களெல்லாம் இவளுக்கு. ஒரு லைனை முடித்து வந்து துணி துவைத்துக் காயப்போடுவதற்குள் அடுத்த ஊருக்குச் சீட்டு வந்துவிடும். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. "உங்க அனுபவத்துக்கு வேற யாரு இருக்கா மேடம்?" என்றுதான் சொன்னார்கள். ஆண்டு மலருக்கு எந்தெந்த ஊர் என்று கேட்கிறார்களே, அந்த ஊர்களெல்லாம் இப்படி வந்தவைதான்.

வீட்டில் நடந்த நல்லதையும் கேட்டார்கள். நடந்தது. வாடகை வீட்டில் இருந்தது போதும் என்று சொந்தமாக ஓர் அடுக்ககத்தில் குடிபோனோம். சமையலறை அலமாரி எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை அவள் போனில் பார்த்துச் சொன்னாள், "உங்க உயரத்துக்கு வைங்க, நானா சமைக்கப் போறேன்?" மகள் பட்டம் வாங்கினாள். கூட்டத்தில் நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்; எதிரே உட்கார்ந்திருந்தவரின் தலைதான் அவளுக்கு முழுக்கத் தெரிந்ததாம். "நல்ல வழுக்கை, பளபளன்னு இருந்துச்சு. நம்ம பொண்ணு எங்க?" என்று கேட்டாள். எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாள் அன்று அவள் ஏதோ ஒரு விடுதி அறையில் இருந்தாள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று விடுதிக்காரனோடு சண்டை. அந்தச் சண்டையைத்தான் பாதி நேரம் போனில் கேட்டேன்.

பிறகு நெஞ்சு கரிக்கிறது என்றாள். கண்ட நேரத்தில் சாப்பிட்டதுதான் காரணம் என்றாள். டாக்டரிடம் போ என்றேன். ஆர்டரோட டெலிவரி தேதி முடியட்டும் என்றாள். நான் கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்.

அவள் சிரித்தாள். "அட, வாத்தியாருக்குக்கூடக் கோபம் வருதே! இருங்க, இவளுங்கள எல்லாம் கூப்பிட்டுக் கேக்க வைக்கிறேன்."

ஊசி கொஞ்சம் மாறி அடித்தாலும் கூடத்தின் மறுகோடியிலிருந்து காது கொடுத்து, "எவ மிஷின்டி அது, நிறுத்து" என்று சொல்கிறவள். தன் நெஞ்சு மாறி அடித்ததை மட்டும் கேட்கவில்லை. அவள் மேலும் எனக்குக் கோபம்தான். லைன் ஓடிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துவிட்டாள் என்று சொன்னார்கள். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

பெயர் சூட்டும் விழாவுக்கு மகள் வரமாட்டேன் என்றாள். பிறகு, "நீங்க தனியா போனா எல்லாத்துக்கும் சரின்னு சொல்லிட்டு வந்துடுவீங்க" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினாள். மச்சானும் வந்தார்.

கூடம் சுத்தமாக இருந்தது. இயந்திரங்களை நிறுத்திவிட்டுப் பெண்களை அந்தந்த இருக்கையிலேயே உட்கார வைத்திருந்தார்கள். கோடியில் சிறிய மேடை. அதன் பின்னால் அகலமாக வெள்ளைத்துணி கட்டி, அதில் அவள் பெயரைப் பெரிதாகத் தைத்திருந்தார்கள். தையல் நன்றாகத்தான் இருந்தது. மேலாளர் பேசினார். அவள் இந்த நிறுவனத்தின் தூண் என்றார். குரல் தழுதழுக்க, "அவங்க எங்க எல்லாருக்கும் அம்மா மாதிரி" என்றார்.

"அப்போ எனக்கு யாரு, பெரியம்மாவா?" என்றாள் மகள், சத்தமாகவே.

"சும்மா இரும்மா" என்றார் மச்சான்.

அவள் சும்மா இருக்கவில்லை. பக்கத்து இயந்திரத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் குனிந்து, "அம்மா சொன்ன பின்கதவு எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் கண்ணால் மட்டும் மேடைப் பக்கம் காட்டினாள்.

துணிக்கும் சுவருக்கும் நடுவில் பெட்டிகளின் விளிம்பு தெரிந்தது. ஒரு வருடமாக எடுக்கவில்லை. அவற்றை மறைக்கத்தான் அந்தத் துணி. அதன் மேல் அவள் பெயர்.

என்னைப் பேசச் சொன்னார்கள். படத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஏறினேன். முப்பது வருடம் வகுப்பில் நின்ற பழக்கத்தில் கேள்விதான் வந்தது. பெண்களைப் பார்த்து, "லைனை ஓட விடுறதுக்கு முன்னாடி உங்க அக்கா என்ன சொல்லுவா?" என்று கேட்டேன்.

பின்வரிசையில் ஒரு மூத்த பெண், இயந்திரத்தைப் பார்த்தபடி, "எழுந்திரிங்கடின்னு சொல்லுவாங்க" என்றாள்.

"அப்போ எழுந்திரிங்க."

எழவில்லை. எல்லாரும் மேலாளரைப் பார்த்தார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. மாத முடிவில் அவர்கள் வீட்டுக்கு நானா பதில் சொல்வேன்? மேலாளர் என் முழங்கையைத் தொட்டு, "சார், விழா முடியட்டும். அப்புறமா உட்கார்ந்து பேசுவோம்" என்றார்.

சரி என்று சொல்ல வாய் வந்தது. அதற்குள் பின்னால் தடால் என்று ஒரு சத்தம். மகள் துணியை விலக்கிக்கொண்டு உள்ளே புகுந்து ஒரு பெட்டியை இழுத்திருக்கிறாள். அது விழுந்து பிளந்துவிட்டது. பொத்தான்கள் மேடையிலிருந்து கொட்டி, தரையெல்லாம் ஓடி, இயந்திரங்களுக்கு அடியில் உருண்டன.

பொத்தான் கீழே விழுந்தால் தைக்கிறவள் கை சும்மா இருக்காது. ஐயோ என்று அத்தனை பெண்களும் எழுந்து குனிந்துவிட்டார்கள்.

அந்த மூத்த பெண்தான் முதலில் நிமிர்ந்தாள். கை நிறையப் பொத்தானோடு சுற்றிலும் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "எழுந்தாச்சு. இனிமே திட்டு வாங்குறது எப்படியும் வாங்கத்தான் போறோம்" என்று மேடைக்கு வந்து ஒரு பெட்டியைத் தூக்கினாள். இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். மற்றவர்கள் பொத்தான் பொறுக்குகிற சாக்கில் நின்றுகொண்டே இருந்தார்கள். மச்சான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "தள்ளுங்க மாப்பிள்ளை, நீங்க தூக்கினா நாளைக்குத்தான் முடியும்" என்றார். மேலாளர், "வேண்டாம், ப்ளீஸ், அதெல்லாம் வரிசைப்படி அடுக்கினது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

கதவு தெரிந்தது. பச்சை நிறம். தாழ்ப்பாளில் பூட்டு தொங்கியது.

சாவி எங்கே என்று கேட்டேன். காவலாளிக்குத் தெரியவில்லை. மேலாளருக்கும் தெரியவில்லை. தலைமை அலுவலகத்தில் இருக்கலாம் என்றார். இருக்கலாமாம்!

அப்போதுதான் இரண்டாவது முறையாகக் கத்தினேன். என்ன சொன்னேன் என்பது சரியாக நினைவில்லை. "இவ பேரை வெச்சு மூடுறதுக்கு உங்களுக்கு வேற ஓட்டை கிடைக்கலையா" என்று கேட்டதாக மகள் சொல்கிறாள். படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினேன். வாசலுக்குப் போகும் வழியில் ஒரு பெண், "லைன் அக்கா மாதிரியே கத்துறாருடி" என்று இன்னொருத்தியிடம் சொன்னது காதில் விழுந்தது.

பெட்டிகளை மறுநாளே திரும்ப அடுக்கிவிட்டார்கள் என்று அந்த மூத்த பெண் மகளுக்குப் போன் செய்து சொன்னாள். வேலை போகவில்லை, வேறு லைனுக்கு மாற்றியிருக்கிறார்களாம். பெயர்ப்பலகை வாசலில் இருக்கிறது. படத்துக்கு அடித்த ஆணி சும்மா இருக்கிறது.

அதற்காகத்தான் வாரா வாரம் போன் வருகிறது. அதே மரியாதையான பெண்.

"சார், அந்தப் போட்டோ…"

"கதவு?"

"சொல்லியிருக்கு சார். பார்க்கிறோம்னு சொன்னாங்க."

"பார்த்துட்டுக் கூப்பிடுங்க" என்று வைத்துவிடுகிறேன்.

படத்தை வீட்டுக் கூடத்து நாற்காலியில் சாய்த்து வைத்திருக்கிறேன். நேற்று வந்த மச்சான் உட்கார இடம் தேடிவிட்டு, "ஏன் மாப்பிள்ளை, சொந்த வீடு, இவ்வளவு சுவர் இருக்கு, இங்கயே மாட்டினா என்ன?" என்று கேட்டார்.

"அது அந்த ஹாலுக்குப் போற படம் மாமா" என்றாள் மகள். "நீங்க ஸ்டூல்ல உட்காருங்க."